சூட்டில் மட்டும் செல்ஃப் எடுக்காத வண்டி: ஹெடர் அருகே ஸ்டார்ட்டர் மோட்டாரைக் காப்பது எப்படி

காலையில் சாவியைத் திருப்பியதும் பட்டென்று பிடிக்கும் வண்டி. ஒரு மணி நேரம் ஓடிவிட்டு, எரிபொருள் போட நிறுத்தி, மறுபடி சாவியைத் திருப்பினால் ‘டக்’ என்று ஒரே ஒரு சத்தம். சில நேரம் அதுவும் இல்லை. பானெட்டைத் திறந்துவைத்து முக்கால் மணி நேரம் காத்திருந்தால், ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி சுற்றுகிறது. இன்ஜினின் புகையை வெளியேற்றும் வார்ப்பிரும்பு மேனிஃபோல்டைக் கழற்றிவிட்டு, அதன் இடத்தில் தனித்தனிக் குழாய்களால் ஆன ஹெடர் மாட்டிய வண்டிகளில் அடிக்கடி வரும் நோய் இது.

பலரும் முதலில் செய்வது செல்ஃப் மோட்டாரையே, அதாவது ஸ்டார்ட்டரையே, மாற்றுவது. புதிய மோட்டார் சில மாதம் நன்றாக ஓடும், பிறகு பழைய கதையே திரும்பும். புதியதில் கிரீஸ் இளகியிருக்கும், செம்புத் தொடுமுனைகள் சுத்தமாக இருக்கும், ஷாஃப்டைத் தாங்கும் புஷ்களில் எண்ணெய் இருக்கும். அதனால் சூட்டைத் தாங்குவதற்குக் கொஞ்சம் கூடுதல் இடம் இருக்கும். அந்த இடம் தேய்ந்து தீர்ந்ததும், மூல காரணம் அப்படியே உட்கார்ந்திருப்பதால், நோய் திரும்பிவிடுகிறது. அடுத்துப் பலர் செய்வது வெப்பத் துணி ஒன்றை வாங்கி மோட்டாரைச் சுற்றிக் கட்டுவது. அதுவும் சில வண்டிகளில்தான் பலன் தரும். இந்த வேலையில் பொருளைவிட வரிசை முக்கியம்: முதலில் மின்னழுத்தம், பிறகு இடைவெளியுடன் தகடு, கடைசியில் துணியும் பட்டையும். ஏன் இந்த வரிசை என்பதைப் புரிந்துகொண்டால், எந்த வண்டியாக இருந்தாலும் வழி தெரிந்துவிடும்.

சூடு எப்படி வந்து சேர்கிறது

வார்ப்பிரும்பு மேனிஃபோல்டு சிலிண்டர் ஹெட்டை ஒட்டியே நின்றுவிடும். ஹெடரின் குழாய்களோ பிளாக்கின் பக்கவாட்டில் கீழே இறங்கி வருகின்றன. பல இன்ஜின்களில், கியர்பாக்ஸ் கூண்டை ஒட்டி, சரியாக அந்த வழியில்தான் செல்ஃப் மோட்டார் உட்கார்ந்திருக்கிறது. குழாயின் சுவர் 1.2 முதல் 1.6 மி.மீ வரைதான். உள்ளே பாரத்தில் ஓடும்போது 700, 800 டிகிரி செல்சியஸில் புகைவாயு பாய்கிறது. வெளிப்பரப்பு 400, 500 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அதற்கும், மோட்டாரோடு ஒட்டியிருக்கும் மின்காந்தச் சுவிட்சான சோலினாய்டுக்கும் நடுவே ஒரு விரல் நுழையும் இடம்கூட இல்லாத வண்டிகள் உண்டு.

இவ்வளவு நெருக்கத்தில் பெரும்பங்கு வெப்பம் கதிர்வீச்சாகத்தான் வருகிறது. காற்று சூடாகி அதன் வழியே வருவது இரண்டாம் பங்கு. பிளாக்கிலிருந்து மோட்டாரின் மூக்கு (இன்ஜினில் பொருந்தும் முன்பகுதி) வழியாக உலோகத்திலேயே ஏறி வருவது மூன்றாவது. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்காமல் எதையாவது கட்டிவைப்பதால்தான் பல முயற்சிகள் வீணாகின்றன. கதிர்வீச்சு, கெல்வின் அளவில் கணக்கிட்ட வெப்பநிலையின் நான்காம் அடுக்காக ஏறும். குழாயின் மேற்பரப்பு 500 டிகிரியிலிருந்து 400 டிகிரிக்கு இறங்கினாலே, அது வீசும் வெப்பம் ஏறத்தாழ 57 சதவீதமாகிவிடும். மூலத்தில் கொஞ்சம் குறைத்தாலும் பலன் பெரிது.

வண்டி ஓடும்வரை காற்று ஓடிக்கொண்டிருக்கும். நிறுத்தியதும் ஃபேன் நிற்கிறது, கூலண்ட் நிற்கிறது, காற்றும் நிற்கிறது. குழாயும் பிளாக்கும் தேக்கிவைத்த சூடு அக்கம்பக்கத்தில் இருப்பவற்றுக்கு இறங்கத் தொடங்குகிறது. ஆகவே, நிறுத்திய பிறகு முதல் பத்து இருபது நிமிடங்களுக்கு மோட்டாரின் வெப்பநிலை குறையாமல் ஏறிக்கொண்டே போகும். சின்ன நிறுத்தத்துக்குப் பிறகு மட்டும் வண்டி மக்கர் செய்வது இதனால்தான்.

உள்ளே என்ன கெடுகிறது

முதலில் அடி வாங்குவது சோலினாய்டு. அதற்குள் இரண்டு சுருள்கள் உண்டு. ஒன்று பிளஞ்சர் என்ற இரும்புத் தண்டை உள்ளே இழுப்பது. அது அதிக ஆம்பியர் குடிக்கும். மற்றொன்று இழுத்த பிளஞ்சரைப் பிடித்துவைப்பது. குறைந்த ஆம்பியரில் ஓடும். இரண்டும் செம்புக் கம்பிதான். செம்பின் மின்தடை ஒவ்வொரு டிகிரிக்கும் 0.39 சதவீதம் கூடும். 20 டிகிரியில் இருந்த சுருள் 140 டிகிரிக்குப் போனால் தடை 47 சதவீதம் கூடிவிடும், அதே மின்னழுத்தத்தில் கரண்ட் 68 சதவீதமாகச் சுருங்கும். காந்தத்தின் இழுவிசை கரண்டின் இருமடியைப் பொறுத்தது என்பதால், விசை 46 சதவீதம்தான் மிச்சம். பாதிக்கும் கீழே.

இதோடு பழைய வயரிங்கைச் சேர்த்துப் பாருங்கள். இக்னிஷன் சுவிட்ச், நியூட்ரல் அல்லது கிளட்ச் சுவிட்ச், இரண்டு மூன்று கனெக்டர் எல்லாம் கடந்து சோலினாய்டுக்கு வரவேண்டிய 12 வோல்ட், 10 வோல்ட்டாக வந்து சேர்கிறது என்று வைத்துக்கொள்வோம். விசை மேலும் குறைந்து, குளிர்ந்த நிலையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே போய்விடும். அந்த விசை, ஸ்பிரிங்கையும் காய்ந்த கிரீஸையும் மீறி, இன்ஜினைச் சுற்றிவிடும் சிறு பல்சக்கரமான பினியனைத் தள்ள வேண்டும். காலையில் 10 வோல்ட்டிலும் அது முடிகிறது, மாலையில் சூட்டில் முடிவதில்லை. பெரும்பாலான வண்டிகளில் சூடும் வோல்ட் இழப்பும் சேர்ந்துதான் இதைச் செய்கின்றன. இரண்டில் ஒன்றைச் சரிசெய்தாலே பாதி வண்டிகள் பிழைத்துக்கொள்ளும்.

மோட்டாரின் சுழலும் பகுதியான ஆர்மேச்சரின் சுருளுக்கும் இதே கதி. தடை கூடுவதால் சுழற்றும் வலு குறையும். நிரந்தரக் காந்தம் வைத்த மோட்டாராக இருந்தால் இன்னொன்றும் உண்டு: ஃபெரைட் காந்தத்தின் பலம் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 0.2 சதவீதம் குறையும்; நூறு டிகிரி ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். குளிர்ந்ததும் அது திரும்பி வந்துவிடும், நிரந்தர நஷ்டம் இல்லை. ஆனால் வண்டி நிற்பது சூட்டில்தானே.

நாள்பட நடப்பவை வேறு. எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்கள் வறண்டு, ஷாஃப்ட் இறுக ஆரம்பிக்கும். பினியன் ஷாஃப்டின் கிரீஸ் கெட்டிப்பட்டுப் பசையாகும். சோலினாய்டின் பின்மூடி நொறுங்கும் பதத்துக்கு வரும். கேபிளின் ரப்பர் அல்லது பி.வி.சி உறை விறைத்து வெடிக்கும். சாதாரண பி.வி.சி உறை 105 டிகிரிக்கு மேல் நீண்ட நேரம் தாங்குவதில்லை.

ஒரு துணியும் வாங்குவதற்கு முன்: மல்டிமீட்டர்

முதலில் காதால் கேளுங்கள். சாவியைத் திருப்பும்போது சத்தமே இல்லையென்றால் பிளஞ்சர் நகரவில்லை. சோலினாய்டுக்குப் போகும் கட்டுப்பாட்டு வயரில் சந்தேகம். பலமான ஒரே ‘டக்’ என்றால் பிளஞ்சர் நகர்ந்துவிட்டது, ஆனால் அது சேர்த்துவைக்க வேண்டிய தொடுமுனை சேரவில்லை அல்லது மோட்டார் சுற்றவில்லை. ‘டகடகடக’ என்று படபடத்தால், தொடுமுனை சேர்ந்ததும் வோல்ட் விழுந்து, பிடித்துவைக்கும் சுருள் விட்டுவிடுகிறது, மறுபடி இழுக்கிறது என்று பொருள். அது பெரும்பாலும் பேட்டரியோ முனையோதான். வண்டி நன்றாகச் சுற்றியும் பிடிக்கவில்லையென்றால் அது செல்ஃப் பிரச்சினையே அல்ல. எரிபொருள் ஆவியாகி அடைப்பது போன்றவற்றைத் தேடுங்கள்.

அடுத்து அளவு. எல்லா அளவையும் வண்டி சூட்டில் மக்கர் செய்யும் நேரத்தில் எடுக்க வேண்டும்; குளிர்ந்த வண்டியில் எடுத்த அளவு இங்கே உதவாது. கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, எரிபொருளையோ இக்னிஷனையோ துண்டித்துவிட்டு ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றவர் மீட்டரைப் பிடிக்கட்டும். மீட்டரின் வயர்கள் குழாயில் படாமலும் ஃபேனில் சிக்காமலும் இருக்கட்டும்.

நல்ல பேட்டரி ஓய்வில் 12.6 வோல்ட் காட்டும். சுற்றும்போது அதன் முனைகளுக்கிடையே 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழக்கூடாது. பேட்டரியின் ப்ளஸ் முனையின் மேலேயே ஒரு முள்ளும், செல்ஃபின் தடித்த போல்ட்டில் மற்றொரு முள்ளும் வைத்துச் சுற்றும்போது 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கேபிளிலோ முனையிலோ இழப்பு. பேட்டரியின் மைனஸ் முனைக்கும் செல்ஃப் மோட்டாரின் உடம்புக்கும் நடுவே 0.2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் எர்த் சரியில்லை. ஹெடர் மாட்டும்போது எர்த் பட்டையைக் கழற்றியவர்கள் திரும்ப மாட்ட மறப்பதும், பெயின்ட் அடித்த பரப்பின் மேலேயே மாட்டுவதும் மிகச் சாதாரணமாக நடக்கிறது. ஹெடர் மாட்டிய மறுநாளே தொல்லை தொடங்கியிருந்தால், வெப்பத்தைக் குறை சொல்வதற்கு முன் இதைப் பாருங்கள்.

கடைசியாக, சோலினாய்டின் சின்ன முனையில் சாவி திருப்பியிருக்கும்போது எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். பேட்டரி முனையில் அந்நேரம் இருப்பதைவிட ஒரு வோல்ட்டுக்கு மேல் குறைந்தால் சாவி வழியிலான வயரிங்கைக் கவனிக்க வேண்டும். வோல்ட் சரியாக வந்து, தடித்த போல்ட்டிலும் 12க்கு மேல் நின்று, மோட்டார் மட்டும் அசையவில்லையென்றால் உள்ளே தொடுமுனை தேய்ந்துவிட்டது அல்லது கார்பன் பிரஷ் முடிந்துவிட்டது. அங்கே எந்தத் தகடும் உதவாது.

இன்னொரு போலி அறிகுறியும் உண்டு. சூட்டில் மோட்டார் ஒரு சுற்றுப் போய் முட்டி நின்று மறுபடி சுற்றுகிறதா? இக்னிஷனைத் துண்டித்துவிட்டுச் சுற்றிப் பாருங்கள். தங்குதடையின்றிச் சுற்றினால், தீப்பொறி விழும் தொடக்க டைமிங் அளவுக்குமேல் முன்தள்ளி வைக்கப்பட்டிருக்கிறது. எரிப்பு பிஸ்டனை எதிர்த்து உதைக்கிறது. டைமிங்கைச் சரிசெய்தால் போதும். மாறாக, டைமிங் மிகவும் பின்தங்கியிருந்தால் எரிப்பு தாமதமாகி, அதன் சூடு எக்ஸாஸ்ட் குழாயில் இறங்கி ஹெடர் அளவுக்குமேல் காயும். இரண்டு பக்கமும் தொல்லைதான்.

ஹெடரின் கேஸ்கெட்டையும் பார்த்துவிடுங்கள். ஹெட்டோடு சேரும் ஃபிளாஞ்சில் கரும்புகைத் தடம் இருந்து, அந்தக் கசிவு மோட்டாரை நோக்கி ஊதினால், நேராக அடிக்கும் அந்த வெப்பத்தை எந்தத் துணியும் தாங்காது. ஹெடர் போல்ட்களை முதல் சில சூடு-குளிர் சுற்றுகளுக்குப் பிறகு ஒருமுறை குளிர்ந்த நிலையில் மறுபடி இறுக்க வேண்டும். இதைத் தவறவிடுபவர்கள் அதிகம்.

ரிலே

சாவி வழியில் வோல்ட் விழுகிறது என்று தெரிந்தால், சுவிட்ச் ஒவ்வொன்றையும் மாற்றிக்கொண்டிருப்பதைவிட ஒரு ரிலே (சின்ன கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்) போடுவது சுருக்கமான, நிலையான வழி. 40 ஆம்பியர் ரிலே, 40 ஆம்பியர் பெரிய வகை ஃப்யூஸ், 6 சதுர மி.மீ வயர் போதும். பேட்டரி ப்ளஸிலிருந்து ஃப்யூஸ் வழியாக 30ஆம் முனைக்கு, 87ஆம் முனையிலிருந்து சோலினாய்டின் சின்ன முனைக்கு, சாவியிலிருந்து வரும் பழைய வயர் 86க்கு, 85 எர்த்துக்கு. சாவிச் சுவிட்ச் இனி ரிலேயின் சின்னச் சுருளை மட்டும் இயக்குகிறது, அதற்குக் கால் ஆம்பியர்கூட வேண்டியதில்லை. நியூட்ரல், கிளட்ச் பாதுகாப்புச் சுவிட்சுகள் பழைய வயரிலேயே இருப்பதால் அவை வழக்கம்போல் வேலை செய்யும். அவற்றைத் தவிர்த்து வயர் இழுக்காதீர்கள்; கியரில் இருக்கும்போது வண்டி பாய்ந்துவிடும்.

ஃப்யூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கட்டும். ரிலே ஹெடர் இல்லாத பக்கத்தில், பேட்டரி அருகே, முனைகள் கீழ்நோக்கி இருக்குமாறு அமையட்டும், தண்ணீர் தேங்காது.

தடித்த கேபிளையே தொலைவில் இருக்கும் பெரிய சோலினாய்டு ஒன்றின் வழியாகக் கொண்டுபோய், செல்ஃபின் மேல் தடித்த போல்ட்டையும் சின்ன முனையையும் ஒரு துண்டு வயரால் இணைத்துவிடும் முறை பழைய மோட்டார்களில் பல காலமாகப் புழக்கத்தில் இருக்கிறது. நிரந்தரக் காந்த மோட்டாரில் அதைச் செய்யாதீர்கள். சாவியை விட்டபிறகும் சுற்றிக்கொண்டிருக்கும் மோட்டார் டைனமோபோல் மின்சாரம் உண்டாக்கும். அது அந்தத் துண்டு வயர் வழியாகவே சோலினாய்டைப் பிடித்துவைக்கும். பினியன் உடனே விலகாமல், இன்ஜின் பிடித்த பிறகும் ஃப்ளைவீலின் பல்வளையமான ரிங் கியரோடு ஒட்டி அலறும். அதில் செல்ஃபின் உள்ளே இருக்கும் கிளட்சும் பல்லும் போய்விடும்.

கேபிளின் தடிமனும் பொருட்டாகும். 2 மீட்டர் நீளம், 200 ஆம்பியர் என்று வைத்தால், 25 சதுர மி.மீ செம்புக் கேபிளில் 0.31 வோல்ட் இழப்பு, 50 சதுர மி.மீ கேபிளில் 0.15 வோல்ட். செம்பு பூசிய அலுமினியக் கேபிள் அதே தடிமனில் இதைவிட அதிகம் இழக்கும். செல்ஃபுக்கு அதை வாங்கவே வேண்டாம். கேபிளை ஹெடரிலிருந்து எவ்வளவு விலக்க முடியுமோ அவ்வளவு விலக்கி, விலக்க முடியாத பகுதிக்குக் கண்ணாடி இழையின் மேல் சிலிக்கான் பூசிய உறையைப் போடுங்கள். அது 260 டிகிரிவரை தொடர்ந்து தாங்கும். அதை இன்ஜினில் உலோகக் கிளிப்பால் கட்டுங்கள். பிளாஸ்டிக் கட்டுகள் ஹெடர் அருகே உருகி விழும், கேபிள் குழாயின் மேல் சாயும், பிறகு நடப்பது தீ விபத்து.

தகடு

வெப்பத்தைத் தடுக்கும் வேலையில் முதல் மரியாதை தகட்டுக்குத்தான். ஒரு மெல்லிய தகடு, இருபுறமும் காற்று ஓட இடம் விட்டு, குழாய்க்கும் மோட்டாருக்கும் நடுவே நிற்க வேண்டும். அவ்வளவுதான் தத்துவம். துருவேறிய குழாயும் கறுத்த மோட்டாரும் நேருக்குநேர் பார்த்துக்கொள்ளும்போது கதிர்வீச்சு முழுவதும் போய்ச் சேருகிறது. நடுவில் பளபளப்பான அலுமினியத் தகடு நின்றால், தட்டையான பரப்புகளுக்கான கணக்குப்படி அதில் ஏறத்தாழ 6 சதவீதம்தான் கடந்து போகும். நிஜ வண்டியில் ஓரங்கள் வழியாகவும் சூடான காற்று வழியாகவும் கொஞ்சம் வந்துவிடும், ஆனாலும் குறைவது பெரும்பகுதி. அந்தத் தகட்டுக்குக் கறுப்புப் பெயின்ட் அடித்தால் இந்தப் பலனின் பெரும்பகுதியை இழந்துவிடுவீர்கள்.

குழாய்க்கும் தகட்டுக்கும் இடையே 25 மி.மீ கிடைத்தால் 1 மி.மீ அலுமினியத் தகடு போதும், கையாலேயே வளைக்கலாம். அவ்வளவு இடம் இல்லையென்றால் 0.6 மி.மீ அளவில் எவர்சில்வர் தகடு எடுங்கள். அலுமினியம் 660 டிகிரியில் உருகும். அதற்கு வெகு முன்பே வலுவிழந்து தொய்ந்துவிடும். இரண்டு மெல்லிய தகடுகளை 5 மி.மீ இடைவெளியில் ஸ்பேசர் வைத்து அடுக்கினால், ஒரே தடித்த தகட்டைவிட நன்றாகத் தடுக்கும். தடிமன் இங்கே பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. பளபளப்பும் காற்றிடைவெளியும்தான் வேலை செய்கின்றன.

இன்ஜின் முழுதாகக் குளிர்ந்த பிறகு, பேட்டரியின் மைனஸ் முனையைக் கழற்றிவிட்டு, வண்டியைத் தாங்கிகளின் மேல் நிறுத்தித் தொடங்குங்கள். ஜாக்கை நம்பிக் கீழே போக வேண்டாம். முதலில் அட்டையில் வெட்டி உள்ளே வைத்துப் பாருங்கள். சோலினாய்டின் இரு முனைகளையும் தாண்டி 25 மி.மீ நீண்டு, மோட்டாரைப் பார்த்து லேசாக வளைந்த அரைக்குழாய் வடிவம் நன்றாக அமையும். மேலும் கீழும் மூடாமல் விடுங்கள்: கீழிருந்து குளிர்ந்த காற்று ஏறி, மேலே வெளியேற வேண்டும். வண்டி நிற்கும்போது கிடைக்கும் காற்றோட்டம் இந்தப் புகைபோக்கி ஓட்டம் ஒன்றுதான். மோட்டார்ப் பக்கம் 10 முதல் 15 மி.மீ இடைவெளி இருக்கட்டும். ஓரங்களை 5 மி.மீ மடித்துவிட்டால் தகடு விறைப்பாக நிற்கும், கையையும் கேபிளையும் கிழிக்காது.

எங்கே மாட்டுவது என்பதில்தான் அதிகம் தவறுகள் நடக்கின்றன. ஹெடரிலேயே கிளிப் போட்டு மாட்டினால் தகடு குழாயின் சூட்டை நேரடியாக உறிஞ்சிக்கொள்ளும். சேசிஸில் மாட்டினால், இன்ஜின் தன் மவுண்டில் ஆடும்போது தகடு மட்டும் நிலையாக நின்று, குழாயிலோ கேபிளிலோ உரசும். செல்ஃபும் ஹெடரும் இன்ஜினோடு சேர்ந்து ஆடுகின்றன. தகடும் அவற்றோடு ஆட வேண்டும். ஆகவே பிளாக்கில் சும்மா இருக்கும் துளை, கியர்பாக்ஸ் கூண்டின் போல்ட் தலை, இப்படி இன்ஜினின் உடம்பிலேயே இடம் தேடுங்கள்.

செல்ஃபின் மூக்குக்கும் பிளாக்குக்கும் நடுவே தகட்டின் காதைச் செருகி இறுக்குவதை ஒருபோதும் செய்யாதீர்கள். அந்த ஒரு மி.மீ, பினியனின் ஆழத்தை மாற்றிவிடும், மோட்டாரைக் கோணலாக்கும். எர்த்தும் அந்தப் பரப்பு வழியாகத்தான் போகிறது. போல்ட் தலைக்குக் கீழே காது வைப்பதானால் அது இரும்பாக இருக்கட்டும். அலுமினியம் சூட்டில் நசுங்கிக் கொடுக்கும், போல்ட் தளர்ந்துவிடும். நட்டுகளும் முழு உலோகப் பூட்டு நட்டாக இருக்கட்டும், நைலான் வளையம் வைத்தவை இந்தச் சூட்டில் பிடிப்பை இழக்கும். அகலமான வாஷர் போடாவிட்டால் அதிர்வில் துளையைச் சுற்றித் தகடு கிழியும்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது: செல்ஃபின் தடித்த போல்ட்டில் சாவி இல்லாதபோதும் பேட்டரியின் முழுச் சக்தியும் நிற்கிறது. பல வண்டிகளில் அந்தக் கேபிளுக்கு ஃப்யூஸே கிடையாது. தகடு அதைத் தொட்டால் வெல்டிங்தான், தீதான். 20 மி.மீக்குக் குறையாமல் விலக்கம் வையுங்கள், போல்ட்டின் மேல் ரப்பர் தொப்பி இருக்கட்டும், தகடு தளர்ந்து எந்தப் பக்கம் சாய்ந்தாலும் அதைத் தொடாத வடிவில் வெட்டுங்கள்.

துணி, பட்டை, பூச்சு

மோட்டாரைச் சுற்றிக் கட்டும் வெப்பத் துணி, உள்ளே கண்ணாடி இழையும் வெளியே அலுமினியப் படலமுமாக வரும். பளபளக்கும் பக்கம் வெளியே இருக்க வேண்டும். மாற்றிக் கட்டியவை நிறைய உண்டு. துணி சூட்டை நிறுத்துவதில்லை, தாமதப்படுத்துகிறது. அரை மணி நேர ஓட்டத்துக்கு அது நல்ல காவல். நாள் முழுக்க ஓடும் வண்டியில், பிளாக் வழியாக மூக்கில் ஏறும் சூட்டையும், மோட்டார் சுற்றும்போது தானே உண்டாக்கும் சூட்டையும் அதே துணி உள்ளேயே பூட்டி வைத்துவிடும். அதனால் தகடு வைக்கவே இடமில்லாதபோதும், தகட்டுக்குத் துணையாகவும் மட்டும் இதைப் பரிந்துரைக்கலாம். சோலினாய்டையும் மோட்டாரையும் சேர்த்து நூல் வைத்துச் சுற்றளவு எடுத்து, 3 செ.மீ கூடுதலாக வெட்டுங்கள். மூக்கையும் பிளாக்கில் அமரும் பரப்பையும் காற்றுத் துளைகளையும் மூடாதீர்கள். எவர்சில்வர் கம்பியால் கட்டி, கம்பியின் நுனி தடித்த போல்ட்டை எட்டாதபடி மடித்துவிடுங்கள். மேலே வால்வு கவரிலோ, எண்ணெய் ஃபில்டரிலோ கசிவு இருந்தால் அதைச் சரிசெய்யும்வரை துணி கட்டக்கூடாது. எண்ணெய் ஊறிய துணி சூடான குழாய் அருகே திரிபோல் எரியும். துணி கட்டிய மோட்டாரைத் தொடர்ந்து 10 விநாடிக்கு மேல் சுற்றாமல், இடையில் இரண்டு நிமிடம் விடுங்கள்.

ஹெடரைச் சுற்றும் பட்டை மூலத்திலேயே வெப்பத்தைக் குறைக்கிறது, ஆகவே பலன் நிச்சயம். விலையும் நிச்சயம்: குழாய் வழக்கத்தைவிடக் கூடுதல் சூட்டில் வேலை செய்கிறது, மழையில் பட்டை ஈரம் பிடித்து வைக்கிறது. சாதாரண இரும்புக் குழாய் பட்டைக்குள்ளேயே துருப்பிடித்துச் செதில் செதிலாக உதிரும். ஹெடர் தயாரிப்பாளர்கள் பலர், பட்டை சுற்றினால் உத்தரவாதம் செல்லாது என்று எழுதியே கொடுப்பது இதனால்தான். எவர்சில்வர் ஹெடர் என்றால் தாராளமாகச் சுற்றலாம். 42 மி.மீ குழாய்க்கு 50 மி.மீ பட்டையை 6 மி.மீ மேற்படியச் சுற்றினால், ஒரு மீட்டர் குழாய்க்கு 3 மீட்டருக்குச் சற்று மேல் பட்டை பிடிக்கும். சில பட்டைகளை நனைத்துச் சுற்ற வேண்டும், சிலவற்றை உலர்வாக. உறையில் உள்ளதைப் பின்பற்றுங்கள். கையுறையும் முகமூடியும் கட்டாயம், கண்ணாடி இழைத் தூசு தோலிலும் நுரையீரலிலும் குத்தும். முதல் ஓட்டத்தில் பட்டை புகையும்; திறந்த வெளியில் வைத்துக் காயவிடுங்கள்.

ஹெடர் இன்னும் வாங்கவில்லையென்றால் செராமிக் பூச்சு உள்ளதையே எடுங்கள். உள்ளும் புறமும் பூசியிருந்தால் வெப்பம் வாயுவோடு பின்பக்கம் போய்விடும், துருவும் பிடிக்காது. மாட்டிய பிறகு கழற்றிப் பூசுவது இரட்டை வேலை. ஸ்பிரே டப்பாவில் வரும் வெப்பப் பெயின்ட் இதற்கு ஈடாகாது, அது நிறத்துக்குத்தான்.

மோட்டாரையே மாற்றுவதென்றால்

நேரடியாகச் சுற்றும் பழைய பெரிய மோட்டாரை எடுத்துவிட்டு, உள்ளே கியர் வைத்த சிறிய மோட்டார் போடுவது நல்ல முடிவு. உடம்பு ஒல்லியாக இருப்பதால், ஹெடருக்கும் அதற்கும் நடுவே தகடு வைக்க இடம் பிறக்கும். சிலவற்றில் மூக்குப் பகுதியின் போல்ட்களைக் கழற்றி, மோட்டாரைச் சில கோணங்களில் திருப்பி மாட்டலாம். சோலினாய்டு குழாயைப் பார்க்காமல் பிளாக்கைப் பார்க்குமாறு திருப்ப முடிந்தால், அதுவே ஒரு தகட்டுக்குச் சமம். திருப்பிய பிறகு தடித்த போல்ட் எங்கே வருகிறது, கேபிள் எட்டுகிறதா என்று பாருங்கள். மாட்டியதும் பினியன் பல்லுக்கும் ரிங் கியர் பல்லின் அடிக்கும் நடுவே சுமார் 1 மி.மீ கம்பி நுழைய வேண்டும். நுழையாவிட்டால் சூட்டில் இறுகி அலறும். ஷிம் என்ற மெல்லிய தகட்டுத் துண்டு வைத்துச் சரிசெய்யுங்கள். கேபிளின் எம்8 நட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் அளவே போதும், அதற்குமேல் முறுக்கினால் பின்மூடி வெடித்து, உள்ளே தொடுமுனை கோணலாகும். காந்த மோட்டார் மக்கர் செய்தால் சுத்தியலால் தட்டும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உள்ளே இருப்பது பீங்கான்போல் உடையும் ஃபெரைட்.

செய்தது பலித்ததா

வேலைக்கு முன்பும் பின்பும் ஒரே மாதிரிச் சோதனை செய்யுங்கள். அரை மணி நேரம் ஓட்டி, நிறுத்தி, பதினைந்து நிமிடம் பானெட்டைத் திறக்காமல் விட்டு, சோலினாய்டின் உடம்புச் சூட்டையும் சின்ன முனையின் வோல்ட்டையும் குறித்துக்கொள்ளுங்கள். அகச்சிவப்புத் துப்பாக்கி பளபளப்பான உலோகத்தில் மிகக் குறைத்துக் காட்டும்; சோலினாய்டில் ஒரு காசு அளவுக்கு மங்கிய கறுப்புப் பெயின்ட் தொட்டு, அங்கே அளவெடுங்கள். குறிப்பிட்ட வெப்பநிலையைத் தாண்டினால் நிறம் மாறி அப்படியே நிற்கும் ஒட்டுச்சீட்டுகள் கிடைத்தால், கை நுழையாத இடத்தில் அவையே வசதி.

அளவு குறையவில்லையென்றால், தகட்டைக் கழற்றி அதன் நிறத்தைப் பாருங்கள். ஓரிடத்தில் மட்டும் நீலமோ பழுப்போ ஏறியிருந்தால் அங்கே குழாய் மிக நெருங்கியிருக்கிறது அல்லது கேஸ்கெட் ஊதுகிறது. முழுதும் ஒரே சீராக மங்கியிருந்தால் கரியும் எண்ணெயும் படிந்திருக்கின்றன. துடைத்தால் பளபளப்பும் பலனும் திரும்பும். எண்ணெய் மாற்றும் ஒவ்வொரு முறையும் கீழே போகிறீர்கள் அல்லவா, அப்போதே தகட்டைத் துடைத்து, நட்டுகளைத் தொட்டுப் பார்த்து, கேபிள் உறையை விரலால் வளைத்துப் பாருங்கள். விறைத்திருந்தால் அந்தக் கேபிளை அன்றே மாற்றிவிடுங்கள்.